மைனஸ் எண்பது

இரவு பதினொன்றே காலுக்குக் காவலாளி பக்கார் அழைத்தார்:
"டாக்டர், உங்க பெட்டி அழுவுது."

மின்சாரம் இருந்தது. கம்ப்ரெசர்தான் செத்திருந்தது.
உறைபெட்டியின் சிவப்பு எண்
எழுபத்தொன்று, அறுபத்தெட்டு என்று
தன்னைத்தானே ஏலம் விட்டுக்கொண்டிருக்குமாம்.
தைப்பூச இரவு. உலர்பனி விற்பவன் ஈப்போவில், மாமியார் வீட்டில்.
ஜாலான் உத்தாமா முழுக்கச் சனம்.
காரைப் பூலாவ் தீக்குஸில் விட்டுவிட்டு நடந்தேன்.

காவடிகள் எதிரே வந்தன.
என் கண் அலகில் நிற்கவில்லை, மூக்கு முந்திக்கொண்டது.
ஒருவன் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை.
கல்லீரலில் சேர்த்த சர்க்கரை தீர்ந்து
கொழுப்பை எரிக்கிறான்.
விரதத்தை நான் இப்படித்தான் படித்தேன்:
உண்ணாதவன் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக உண்கிறான்,
மூளைக்கு மட்டும் ஒரு பங்கு எடுத்துவைத்து.

இருபத்தாறு வருடம், ஒரே ஒரு நொதி.
ஜி-சிக்ஸ்-பிடி.
கல்யாண வீடுகளில் சொன்னால்
கார் நம்பரா என்பார்கள்.
சிவப்பணுவுக்குள் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அதற்கு.
அது குறைந்த பிள்ளைக்கு
அந்துருண்டை போட்டு மடித்த ஒரு சட்டை போதும்.
மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்.
சிறுநீர் கோலா நிறமாகும்.

முதல் பத்து வருடம் அதைத் தூய்மைப்படுத்தவே போனது.
வெளியே முப்பத்து மூன்று டிகிரி வெயில்,
உள்ளே நாலு டிகிரி அறையில்
கம்பளிச் சட்டை போட்ட பினாங்குக்காரி.
உப்பில் வீழ்த்தி, பையில் கட்டி ஊறப்போட்டு,
சொட்டுச் சொட்டாக வடித்துச்
செவ்வாயன்று கிடைப்பது வியாழன் காலை செத்திருக்கும்.
நொதிக்கு உயிர் இல்லை என்று வகுப்பில் சொல்வேன்.
பிறகு நானே "செத்துப்போச்சு" என்பேன்.

பெட்டிக்குள் இருநூற்றுப் பதினேழாம் குழாய்:
நிபோங் தெபாலில் பிறந்த ஒரு குழந்தையின்
தொப்புள்கொடி ரத்தம்.
அந்தத் திரிபை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.
மற்றவர்களிடம் அறுபது நாளில் பாதியாகும் நொதி
இவனிடம் ஆறே நாளில்.
அந்தக் குடும்பம் பெர்த்துக்குப் போய்விட்டது.
கடிதம் போட்டேன். பதில் இல்லை.
எனக்கென்ன கடன்பட்டவர்களா அவர்கள்?

தண்ணீர்மலைக்குத் திரும்பும் வளைவில் ஒரு பந்தல்.
அண்டா நிறைய ரோஸ் சிராப்,
பின்னால் மூட்டை மூட்டையாய் ஐஸ்.
"ஒரு மூட்டை வேணும். கல்லுப்பும்."
"மீன் வைக்கவா, ஆன்ட்டி?"
"பிள்ளைங்க ரத்தம்."
கரண்டி அந்தரத்தில் நின்றது.
விளக்கினேன். யுகேந்திரன் என்ற அந்தப் பையன் சிரித்தான்:
"அட, எனக்கும் அதுதான் லா.
சின்னதுல ஒரு அட்டை கொடுத்தாங்களாம்,
எங்க போச்சுன்னே தெரியல."
மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

ரதம் வரும் வழியெல்லாம் உடைந்த தேங்காய்,
கணுக்காலுக்கு ஓடு, செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர்.
இரண்டு தடவை வழுக்கினேன்.
உப்புப் போட்ட ஐஸ் மைனஸ் இருபதுக்கு இறங்கும்.
எண்பது இல்லை.
இருந்தாலும்.

காலை ஏழு மணி. முந்நூற்று நாற்பது நானோமீட்டர்.
துளியை விட்டு மூடியைச் சாத்தினேன்.
முதல் நிமிடம் கோடு படுத்தே கிடந்தது.
பக்கார் தேத்தாரே கொண்டுவந்து வைத்துவிட்டுப்
பேசாமல் நின்றார்.
பிறகு ஒரு மயிரிழை எழுந்தது.

பதினொரு விழுக்காடு.
போன மாதம் பத்தொன்பது.

நோட்டில் "சேமிப்பு முறை" என்ற கட்டத்தின் முன்
பேனா வெகுநேரம் நின்றது. ஆய்விதழ்க்காரர்கள் கேட்பார்கள்.
எழுதினேன்:
தண்ணீர்ப்பந்தல் ஐஸ், கல்லுப்பு, ஆறு மணி நேரம்.
தூக்கி வந்தவர் யுகேந்திரன்,
குறைபாடு உள்ளவர், அட்டை தொலைந்தது.

அந்துருண்டையைப் பற்றி
அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.