நான்கு மணி ஐம்பது நிமிடம்

திருவனந்தபுரம், பஹ்ரைன்.
இரண்டு கட்டங்களையும் நிரப்பித் தட்டினால்
மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
நான்கு மணி ஐம்பது நிமிடம் என்கிறது திரை.
கீழக்கரையில் கரண்ட் இருக்கும்வரை
எந்த ஊரும் எனக்குத் தூரமில்லை.
நான் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

கலிஸ்டா உட்காரவில்லை.
பாசி எடுத்த கையோடு வந்திருக்கிறாள்,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
"நாற்காலி நனஞ்சிரும் முபீதா, நிக்கிறேன்.
எம்புட்டுத் தூரம்னு மட்டும் சொல்லு."

சொன்னேன்.
"கிலோமீட்டரெல்லாம் ரோட்டுக்கு" என்றாள்.
ஆழமென்றால் பாகம், தூரமென்றால் ஓட்டம்.
இங்கிருந்து அப்பாத்தீவு ஒரு மணி ஓட்டம்.
சரியென்று மணிக்கு எட்டு கிலோமீட்டர் வைத்து
கால்குலேட்டரில் வகுத்துக் காட்டினேன்:
வல்லத்தில், இராப்பகல் நிற்காமல்,
பதினெட்டு நாள்.

"பதினெட்டு நாள்ல வந்திரலாமா?
அப்ப வல்லத்துலயே வரச் சொல்லுவமே."

போகும்போதும் டிக்கெட் நான்தான் போட்டேன்.
விடிகாலை நாலரைக்கு ஏறி
ஆறு ஐம்பதுக்கு இறங்கினான் டெல்வின்.
"ரெண்டே கால் மணி நேரம்தான் ஆச்சு!"
அங்கிருந்து போன் போட்டுக் கத்தினான்.
மீதி இரண்டரை மணி
அந்த ஊர்க் கடிகாரம் தந்த கடன்,
திரும்பும்போது கழித்துக்கொள்ளும் என்றேன்.
"முன்பணம் மாதிரியா?" என்றான்.
மாதிரிதான்.

இருபத்தாறு மாதம் ஆகிவிட்டது.
இங்கே மடியில் ஒன்றுமில்லையென்று போனவன்
அங்கே யாரோ ஒருவருடைய படகில்
யாரோ ஒருவருடைய கடலில் வலை இறக்குகிறான்.
பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில்.
அதன் சாவிக்குத் திரையில் கட்டம் கிடையாது.

தேதி போடாமல் அடுத்த பக்கம் நகராது.
"எந்தத் தேதி, கலிஸ்டா?"
சுவர்க் காலண்டரில் பௌர்ணமி மேல் விரல் வைத்தாள்,
எடுத்துவிட்டாள்.
தாளில் ஈரம் வட்டமாய் நின்றது.
"நீயே ஒண்ணு போடேன்."

ஒரு புதன்கிழமை போட்டேன்.
காலை ஆறு பத்துக்கு இறங்குகிறான்.
பெட்டி எடுத்து, பஸ் பிடித்து,
தூத்துக்குடியில் மாறி, சாயல்குடி தாண்டி
முந்தல் வந்து சேர
ஒன்பது மணி நேரம்.
ஆகாயத்தைவிடத் தரைதான் நீளம்.

அவள் அதைக் கேட்கவில்லை.
"அப்ப மூணு மணிக்கு உலை வச்சாச் சரியா இருக்கும்" என்றாள்.
"சோறு ஆறிப்போனா அவனுக்கு எறங்காது."

ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தாள்.
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அவள் போனபின் திரை சொன்னது:
நேரம் முடிந்தது, மீண்டும் தேடவும்.
தேடினேன்.
ஆயிரத்து நூறு ரூபாய் கூடியிருந்தது.
தூரம் அதேதான்.

தாள்களை மின்விசிறிக்குக் கீழே பரப்பி
மேலே ஸ்டேப்ளரை வைத்தேன்.
நோட்டில் அவள் பெயருக்கு நேரே
பென்சிலால் எழுதினேன்: புதன்.
எந்தப் புதன் என்று எழுதவில்லை.