கடைசியாக நன்றாக இருந்த நேரம்

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு.
உத்திராபதியின் மனைவி
ராத்திரி பத்தரை என்றாள்.
பிறகு, இல்லை, பதினொன்று.
பிறகு, கொசுவர்த்தி ஏத்தச் சொன்னார்,
அதான் கடைசி.

நாலே முக்காலுக்கு எழுந்தவர்
செருப்புக்குள் வலது காலை நுழைக்கத் தெரியாமல்
நின்றிருக்கிறார்.
முத்துப்பேட்டைக்குத் தெற்கிலிருந்து தஞ்சாவூர் வர
நூற்றெட்டுக்கு, மூடிய ரயில்வே கேட்டையும் சேர்த்து,
இரண்டு மணி நேரம்.
தூக்கத்தில் வந்ததற்குக் கடிகாரம் சாட்சி சொல்லாது.

கடுக்கனைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.
கொள்முதல் நிலையத்தில் சிப்பம் எடை போடுகிறவர்,
புருவத்தில் இன்னும் நெல் தூசு.
முதல் படம் சாம்பல் நிறம்,
இரண்டு பக்கமும் ஒன்றுபோல.
"ரத்தக்கசிவு ஒண்ணுமில்ல" என்று
கதவிடுக்கில் சொன்னது என் தவறு.
அவளுக்கு ஒண்ணுமில்ல மட்டும் கேட்டது.
வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா என்றாள்.

சாய மருந்தை ஏற்றுமுன்
எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்:
உடம்பு பூரா சூடு பரவும்,
ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும்,
போயிருக்க மாட்டீங்க.
பேச்சே பிடிபடாமல் படுத்திருந்த மனிதர்
சூடு ஏறியதும்
இடது கையால் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

அதே இடத்தை ஒரு நிமிடம்
திரும்பத் திரும்பப் படமெடுக்கிறது இயந்திரம்.
எங்கே வந்து சேர்ந்தது, எத்தனை நொடி பிந்தி,
எங்கே வரவே இல்லை.
கல்லணை திறந்த மறுநாளிலிருந்து
எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கேட்பதும்
இதைத்தான்.

திரையில் நிறம் விழுந்தது.
கோலிக்குண்டு அளவு சிவப்பு.
அது போனது போனதுதான்.
சுற்றிலும் அகலமாகப் பச்சை.
இந்தப் பச்சைக்குச் செழிப்பு என்று அர்த்தமில்லை.
மண் வெடித்து, தாள் சுருண்டு,
வேர் மட்டும் இன்னும் விடாத
கடைமடை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
படிவத்தின்படி எட்டு மணி நேரம் போயிருந்தது.
படத்தைப் பார்த்து
"நேரம் இருக்கு, மேல ஏத்துங்க" என்றார்.

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போனது.
பின்னால் ஓடியவள் பாதியில் திரும்பி வந்தாள்.
"ஒண்ணுமில்லன்னீங்களே."
இல்லம்மா, என்று தொடங்கினேன்.
பொத்திய கையை விரித்தாள்.
கடுக்கன் அழுந்திய பள்ளம், சிவந்து.
"இத எப்ப போட்டுவிடலாம்?"

தொலைத்துவிடப் போகிறாளே என்று
காகித உறை ஒன்றை எடுத்து
உத்திராபதி, ஆண், 51 என்று எழுதி நிமிர்ந்தேன்.
அவள் படியேறிப் போயிருந்தாள்,
கையை மறுபடி மூடிக்கொண்டு.