ஒரே குருத்து

பள்ளத்தூர் வீட்டில் எனக்குப் பதினொன்றில் ஒரு பங்கு.
அதாவது இரண்டாங்கட்டில் ஓர் அறை,
அதற்கொரு பூட்டு,
மழை பெய்தால் வளவில் விழும் தண்ணீரில் என் பாகம்.

காரைக்குடிச் சந்தைக்கு வந்த நர்சரி வண்டியில்
நூற்றிருபது ரூபாய்க்கு அதை வாங்கினேன்.
என்ன செடி என்றேன்.
"பனை மாதிரிங்க. ஆனா பனை இல்லை."
கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மாதம் அது.
பெயர் கிடக்கட்டும் என்று தூக்கி வந்தேன்.
வளவில் ஒரு கல் பெயர்ந்திருந்தது.
அந்தக் குழியில் வைத்தேன்,
யாரையும் கேட்கவில்லை.

மூன்று வருடம் ஒன்றுமே செய்யவில்லை அது.
தடித்தது, அவ்வளவுதான்.
தடிக்க வேண்டிய மட்டும் தடித்த பிறகே
இந்தச் சாதி ஏறத் தொடங்கும் என்று
பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஊர்த்தண்ணீர் உப்பு.
கீழோலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாயின.
மருந்துக்கடையில் பேதியுப்பு அரைக்கிலோ கேட்டேன்.
கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.
"மரத்துக்கு" என்றேன்,
அப்புறம் இன்னும் மோசமாகப் பார்த்தார்.

காண்டாமிருக வண்டுக்கு
மட்டை இடுக்கில் மணலும் அந்துருண்டையும்.
கூன்வண்டுக்குக் காதுதான்.
ஊரடங்கியபின் தண்டில் வைத்துக் கேட்க வேண்டும்.
உள்ளே புழு இருந்தால்
பக்கத்து அறையில் யாரோ
வறுகடலை மெல்வது போலிருக்கும்.

ஒன்பதாம் வருடம் ஓட்டைத் தாண்டிற்று.

படைப்புக்குப் பங்காளிகள் வந்தார்கள்,
பினாங்கிலிருந்தும் அண்ணாநகரிலிருந்தும்.
தளம் பெயரும் என்றார் சா.மெ. வீட்டார்.
மட்டை விழுந்து ஓடு உடைந்தால்
பதினொரு பேரும் பணம் போட வேண்டுமா என்றார் இன்னொருவர்.
வயிரவன் அண்ணன்தான் சமாதானமாகச் சொன்னார்:
"பாதியா வெட்டிவிடு ஆத்தா, கிளைச்சு வரும்."

கிளைக்காது அண்ணே.
வேம்பு கிளைக்கும், நாம் கிளைத்தோம்.
இதற்கு உச்சியில் ஒரே குருத்து,
அதைத் தொட்டால் மொத்தமும் போச்சு.
பதினொன்றாக வேண்டாம்,
இரண்டாகக்கூட ஆகத் தெரியாது இதற்கு.

இதையெல்லாம் சொல்லவில்லை நான்.
"பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்,
ஓலை விழுகிற பருவம்" என்றேன்.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
கரண்ட் பில்லைப் பிரிப்பதில்கூட
ஒத்துப்போகாத வீடு,
ஒரே நேரத்தில் வாய் திறந்து
மேலே பார்த்தது.
ஓலை விழவில்லை.

தை பிறக்கட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.
கார்கள் போய்விட்டன.
வளவில் இலைக்குப்பை, விபூதி வாசம்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

காது வைத்துக் கேட்கிறேன்.
என்னவோ சத்தம்,
புழுவா, தண்ணீர் மேலேறுவதா,
என் காதுக்குள் ஓடும் ரத்தம்தானா தெரியவில்லை.
கன்னத்தில் சொரசொரப்புப் பதிய
இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறேன்.