நாற்பது நிமிட நீலம்

டேனரி ரோட்டில் என் கடைக்கு மேலே
மொட்டைமாடியில் இரண்டு கறுப்புத் தொட்டி,
ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும்.
குழாய் வேலைக்கார முனிரத்தினம் பொருத்திக் கொடுத்தான்.
"அக்கா, இது மிஷின் இல்லை, வயிறு" என்றான்.
சிரித்துவிட்டேன்.

வயிறென்றால் பசிக்குமாம்.
தட்டில் ஒதுக்கிய சோறு, கத்தரிக்காய்,
தால்ச்சா தேக்சா அலசிய தண்ணீர்,
எல்லாம் கரைத்து ஊற்றினேன்.
எலும்பு ஆகாது, வெங்காயத் தோல் ஆகாது என்றவன்
எலுமிச்சையைச் சொல்ல மறந்துவிட்டான்.

ரமலான் பதினேழில்
பிழிந்த மூடிகள் அரைக்கூடை போட்டேன்.
மறுநாள் வயிறு புளித்துவிட்டது.
ஏறியிருந்த தொட்டி இறங்கிப்போய்
நாற்றம் ஸ்டெல்லாவின் கொடித்துணி வரைக்கும்.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
துணியை மட்டும் உருவி எடுத்துப்போனாள்.
பத்து வருடமாக என் விறகுப்புகை
அவள் சன்னலில்தான் படிந்தது.
அப்போது வராத வெட்கம்
அந்தக் காலிக் கொடியைப் பார்த்து வந்தது.

நஞ்சப்பாவின் எருமைக் கொட்டிலிலிருந்து நாலு வாளி சாணி.
கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர்.
பிறகு பதினோரு நாள் பத்தியம்.
நானும் நோன்பு, அதுவும் நோன்பு.
எனக்காவது மஃரிபுக்குக் கஞ்சி உண்டு.

பிறை பார்க்கும் நாள் காலையில்
தொட்டி நாலு விரற்கடை உயர்ந்திருந்தது.
படியிறங்கி ஓடி, திருகி, குச்சி கிழித்தேன்.

நீலம்.
சத்தமே இல்லாத நீலம்.

பெருநாள் கழிந்து வந்த ஷம்ஷுதீன் பாய்
அடுப்பைப் பார்த்துக் கேட்டார்:
"சாணியும் எச்சிலும் போட்ட நெருப்பு.
இதில் காய்ச்சினது ஆகுமா?"

கடையில் பேச்சு நின்றது.
கோழியை யார் அறுத்தது, பிஸ்மி சொன்னானா,
எல்லாம் கேட்பார்கள்.
கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும்.
அதே தட்டில் மீந்தது
முக்குக் குப்பை ஆட்டோவில் ஏறி,
ஊருக்கு வெளியே யாரோ ஒருத்தர் கிணற்றோரம்
மலையாய்க் குவிந்ததே,
அது ஆகுமா?

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
அவ்வளவு ஓதினவள் இல்லை நான்,
வியாபாரமும் நடக்கவேண்டும்.
"டீ குடிங்க பாய்" என்றேன்.
கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்.
ஏலக்காய்தான் மணத்தது.
குடித்து முடித்து, சர்க்கரை தூக்கல் என்றார்.

நாற்பது நிமிடம்தான் எரியும்.
ஐம்பது டீ, ஒரு தாளிப்பு.
பிரியாணி தேக்சாவுக்கு இன்னும் சிலிண்டர்தான்,
பொய் சொல்லமாட்டேன்.
போர்டில் 'பசுமைக் கடை' என்று எழுதிவிடவா என்றான் முனிரத்தினம்.
வேண்டாமப்பா.
ஏற்கெனவே அதில் 'ஹலால்' என்று எழுதியிருக்கிறது.
அந்த ஒரு சொல்லுக்கே
நான் இன்னும் முழுசாக வந்துசேரவில்லை.

நேற்று ஸ்டெல்லா படியேறி வந்தாள்,
கையில் ஒரு கிண்ணம் ஊசிப்போன சோறு.
"உன் வயிறு இதைத் தின்னுமா?"

ஓரத்தில் ஊறுகாய் ஒட்டியிருந்தது.
எலுமிச்சை.
விரலால் அதை வழித்துத் தனியே வைத்துவிட்டு
மூடியைத் திறந்தேன்.