உதிரிப்பழம்

மதிப்பீட்டுத் தாள் நான்கு பக்கம்,
மலாயில் அச்சடித்த கட்டங்கள்.
முழங்கால் ஆறும்வரை சும்மாதானே, நீயே எழுது என்று
என் மடியில் போட்டுவிட்டுப் போனார் கோச் லியோங்.
என் இடத்தில் ஆடுகிறவளைப் பற்றி
நான் எழுத வேண்டும்.

பெயர்: ஹேமலோஷினி த/பெ குப்புராஜ்.
முதலாண்டு. உயரம் ஐந்தடி இரண்டு,
ஷூவோடு.
ஆடும் இடம்: பாயிண்ட் கார்ட்.
கார்ட் என்றால் ஜாகாவா என்று
தோட்டத்து வாசலில் ஜாகாவாக நிற்கும் அவள் அப்பா கேட்டாராம்.
ஆமாம்ப்பா, ஆனா கேட்டைத் திறந்துவிடுற ஜாகா
என்றாளாம்.
இதை எழுதக் கட்டம் இல்லை.

பதினொரு ஆட்டம்.
ஆட்டத்துக்கு ஆறு புள்ளி, நான்கு கைமாற்று,
ஐந்து பந்திழப்பு.
அசிஸ்டை நான் கைமாற்று என்றுதான் எழுதுவேன்:
வட்டியில்லாமல் கொடுத்துவிட்டுத்
திருப்பிக் கேட்காமல் ஓடுவது.
ஆனால் கொடுத்ததைவிடத் தொலைத்தது அதிகம்.
போன வருடம் என் இழப்பு இரண்டு.
யாரும் மறந்துவிட வேண்டாம் என்று
முதல் பக்கத்திலேயே அதைக் குறித்தேன்.

ஆகஸ்டில் வந்தபோது அவள் இடது கை
இரவல் வாங்கியது போலிருந்தது.
வலப்பக்கம் அடைத்தால் போதும்,
லாரிக்கு ஒதுங்கும் மோட்டார் மாதிரி
ஓரக்கோட்டுக்கே போய்விடுவாள்.
சிகாமட் பெண்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.
பிறகு
இடது கையால் மைலோ கலக்கினாள்,
பேருந்துக்குக் கை காட்டினாள்,
வருகைப் பதிவில் கோணலாகக் கையெழுத்திட்டாள்.
சோற்றை மட்டும் விட்டுவைத்தாள்.
இப்போது எந்தப் பக்கம் அடைப்பதென்று
எதிரில் நிற்பவள் ஒரு நொடி யோசிக்கிறாள்.
அந்த நொடிக்குள் அவள் போய்விடுகிறாள்.

தற்காப்பு: சுமார்.
மூன்றாம் கால் பகுதியில் மூச்சு வாங்குகிறது.
பேச்சு: மெய் சுவானுக்கு மாண்டரின், நுருலுக்கு மலாய்,
கோபம் வந்தால் எல்லாருக்கும் தமிழ்.
மெய் சுவானுக்கு இப்போது அதுவும் புரிகிறது.

வெள்ளிக்கிழமை பகாவில் பேய்மழை.
மண்டபத்துத் தகரக் கூரை விசிலை விழுங்கிவிட
பயிற்சி நின்றது.
கைப்பேசியில் அவள் இழப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தைந்து.
காலில் பட்டது, பறிகொடுத்தது, சோம்பல் பாஸ்:
இருபத்து நான்கு.
மீதி முப்பத்தொன்றில்
பந்து போன இடத்தில் யாருமே இல்லை.
திரும்ப ஓட்டினேன்.
நுருல் ஓர் எட்டு முன்னதாகக் கிளம்பியிருந்தால்
அங்கே இருந்திருப்பாள்,
கூடைக்கடியில், தனியாக.

என் இரண்டு எப்படி இரண்டாக இருந்தது?
நிற்கிறவளுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா ஆலையில் செம்பனைக் குலைக்குத் தரம் பார்க்கிறார்.
நிறம் மட்டும் போதாது அவருக்கு.
எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறதென்று குனிந்து எண்ணுவார்.
ஒன்றும் உதிராதது காய்.
மொத்தமும் உதிர்ந்தால் அழுகல்.
நடுவில் ஏதோ ஒரு கணக்கு, அதற்குத்தான் விலை.
ஐந்து அந்தக் கணக்குக்குள் வருமா,
எனக்குத் தெரியவில்லை.

முதல் பக்கத்தில் என் இரண்டை அடித்தேன்.
மை பரவி அசிங்கமாகிவிட்டது.
வேறு தாள் கேட்க வெட்கம்.

கடைசிக் கேள்வி:
அடுத்த பருவம் முதல் ஐவரில் சேர்க்கலாமா?
மழை விட்டிருந்தது. ஆலைப்புகை வாடை உள்ளே வந்தது.
கூரை ஒழுகி நடுவட்டத்தில் தேங்கிய நீரை
லோஷினி மாப்பால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
அக்கா, கால் எப்படி?
மார்ச்சில் ஓடலாமாம்.
அப்போ நீங்க முன்னாடி ஓடுங்க, நான் போடுறேன்.

அவள் முகத்தைப் பார்க்காமல் வட்டமிட்டேன்.
பிறகு ஓரத்தில், கட்டமில்லாத இடத்தில்,
நுருல் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று எழுதி
பக்கத்தில் என் பெயரையும் சேர்த்தேன்,
சின்ன எழுத்தில்.