வெறும் எழுத்து

ஏழு இருபதுக்கு ரெகன் கூப்பிட்டான்.
"அப்பா படத்தைக் காணோம். பக்கம் முழுக்க ஏதோ குப்பை."
எட்டுக்கு சாட்ஸ்வர்த்தில் எங்கள் யூனிட்டுக்குக் கரண்ட் போகும்.
லேப்டாப்பில் முப்பத்தொரு சதவீதம்.

திறந்தேன்.
பரமசிவன் கவெண்டர், எழுபத்தாறு.
பெயருக்கு முன்னால் கோணக்குறி, பின்னால் கோணக்குறி.
தடித்து நிற்க வேண்டிய பெயர்
தடிக்கச் சொன்ன கட்டளையைச் சுமந்து மெலிந்திருந்தது.
மாலை போட்ட படத்தின் இடத்தில்
படம் குடியிருக்கும் முகவரி.
சாமந்தி மஞ்சளுக்குப் பதில்
ஆறு எழுத்துக் குறியீடு.

பழைய நகலை அழித்தேன். வேறு பிரவுசர்.
மனைவியின் போன்.
எல்லாவற்றிலும் எலும்பே தெரிந்தது.
மூடாத குறி உண்டா என்று எண்ணினேன்;
திறந்ததெல்லாம் மூடித்தான் இருந்தது.
கடைசியில்தான்
பக்கத்துக்கு முன்னே சர்வர் அனுப்பும்
யாரும் பார்க்காத அந்த ஒற்றை வரி:
இது வெறும் எழுத்து.
பிரவுசர் நம்பிவிட்டது, பாவம்.
வெறும் எழுத்தை யாராவது அலங்கரிப்பார்களா?

ஒரு சொல்லை மாற்றினால் போதும்.
ஏழு நாற்பத்தெட்டு. மறுபடி போன்.
மங்களம் ஆன்ட்டி.
"அதுல சரோ பேரு இருக்கே."

இருக்கிறது. மறைத்தவன் நான்.
செவ்வாய்க்கிழமை ரெகன் பட்டியலைப் படித்து
"இந்த வரி வேண்டாம்" என்றான்.
அழிக்கவில்லை. வீரம் ஒன்றுமில்லை,
எதையும் அழிக்காதது என் தொழில் பழக்கம்.
முன்னால் ஆச்சரியக்குறி, இரண்டு சிறுகோடு;
பின்னால் இரண்டு.
பிரவுசர் அதைத் தாண்டிப் போய்விடும்,
கல்யாண வீட்டில் சிலரைத் தாண்டிப் போகும்
பார்வை மாதிரி.

இன்று தாண்டவில்லை.
மகள் சரோஷினி, மருமகன் பெக்கி, பேத்தி நந்தி.
பீனிக்ஸிலும் டொங்காட்டிலும் பெனோனியிலும்
ஒரு மணி நேரமாக எல்லோரும் படித்தாயிற்று.
படம் வரவில்லை, பூ வரவில்லை,
அது மட்டும் வந்தது.

"நந்தின்னா பேரு வச்சிருக்கா?"
ஸூலுவில் அது ஒரு ராஜாவைப் பெற்றவளின் பெயர்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆன்ட்டி முந்திக்கொண்டார்:
"உங்க அங்கிள் கோயில்ல
நந்தி காதுலதான் எல்லாத்தையும் சொல்லுவாரு.
என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல."

பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.

"பேரைச் சுத்தி கோடு கோடா இருக்கே, என்னது?"
"மறைக்கிற குறி, ஆன்ட்டி."
"எடு."
"ரெகன்..."
"அவன நான் பாத்துக்கறேன். நீ எடு."

ஒரு சொல். நாலு சிறுகோடு,
ஒரு ஆச்சரியக்குறி, இரண்டு கோணம்.
சேமித்து அனுப்பினேன்.
நீலப் பட்டை முக்கால்வாசி ஓடியிருக்கும்,
தெரு மொத்தமும் அணைந்தது.
ரவுட்டரின் பச்சைப் புள்ளியும்.
எதிர்வீட்டு நாய் ஏனோ குரைத்தது.

போய்ச் சேர்ந்ததா, பாதியில் நின்றதா
தெரியவில்லை.
நாளை பத்து மணிக்கு
கிளேர் எஸ்டேட் தகனச்சாலை வாசலில்
யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று
பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.