சுகந்த வாசனை

களியக்காவிளை செக்போஸ்டுக்கு
இரண்டு மைல் இந்தப் பக்கம் எங்கள் சபை.
அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு
செந்துளுவன் குலை, மரச்சீனி, நல்லமிளகு,
கால் கட்டிய சேவல், ஒரு கட்டு ரப்பர் ஷீட்
எல்லாம் வந்து சேர்ந்த பின்
சுகிர்தபாய் ஒரு சாக்கை இறக்கினாள்.
பத்து கிலோ. பச்சை நூலால் வாய் தைத்தது.

பிரிக்காமலே தெரிந்துவிட்டது.
ரேஷன் அரிசிக்கு ஒரு மணம் உண்டு,
நனைந்த கோணியும் துருவும் சேர்ந்தது.
வாரத்தில் ஐந்து நாள்
பாசஞ்சர் ரயிலில் சீட்டுக்கடியில் தள்ளி
பாறசாலையில் அவள் விற்கிற அரிசி.

பாடகர் குழு அங்கி மாற்றும் அறையில்
கமிட்டி கூடியது.
நான் பொருளாளர். மடியில் ரசீது புத்தகம்.

செயலர் எபனேசர் உபாகமத்தைப் புரட்டினார்.
வேசியின் கூலியும் நாயின் விலையும்
ஆலயத்துக்குள் ஆகாது.
"அரிசியைப் பற்றி அதில் இல்லையே"
இது மார்ஷல் வாத்தியார்.
"கர்த்தருக்குத் தெரியாதா ஓய், இது எங்கே போகிற சாக்குன்னு?"
"தெரியும். அதனாலதான் வேண்டாங்கேன்."
"தெரிஞ்சுதானே அவ மாப்பிள்ளையை
ரெண்டு வருஷமா பாயில போட்டிருக்காரு?"
போதகர் இருமினார்.

அதன்பின் பேச்சு எங்கெங்கோ போனது.
நோவாவின் பலியில்
கர்த்தர் சுகந்த வாசனையை முகர்ந்தாரென்றால்
அவருக்கு மூக்கு உண்டா?
ஆவியாயிருக்கிறவருக்கு மூக்கு எதற்கு?
மாம்சமாய் வந்தவருக்கு இருந்ததே,
மரத்தூளும் மீன் கவிச்சியும் ஏறிய மூக்கு,
அதைப் பரலோகத்துக்குக் கொண்டுபோனாரா
கல்லறையில் கழற்றி வைத்தாரா?
டீ வந்தது. ஆறியது.
சாக்கு அங்கேயே இருந்தது.

கதவோரம் நின்ற சுகிர்தபாய் கேட்டாள்:
"யூதாஸ் திருப்பி எறிஞ்சானே, முப்பது காசு,
அதைக் காணிக்கைப் பெட்டியில போடப்பிடாதுன்னு
சொன்னது ஆரு?"
யாரும் வாய் திறக்கவில்லை.
"அதைக் கொடுத்தவியதானே?"

எபனேசர் என்றால் உதவியின் கல்.
ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம்.
செயலரின் கல்
பதினாறு சக்கர லாரிகளில்
ராத்திரியெல்லாம் எல்லை தாண்டுகிறது.
கடுகளவு விசுவாசம் இருந்தால் மலை பெயரும்;
பெயர்த்து, ஜல்லியாக்கி,
கேரளத்துக்கு அனுப்பிக் காட்டியவர் அவர்.
எங்கள் மணிக்கோபுரம் அவர் காணிக்கை.
அதற்கு ரசீது எழுதியது இந்தக் கைதான்.
அன்று என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

கை தூக்கினோம். நாலுக்கு மூன்று.
ஏலத்தில் விடலாம் என்று முடிவானது.
நான் எந்தப் பக்கம் தூக்கினேன் என்பதை
என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சேவல் ஆயிரத்து நூறுக்குப் போனது.
குலையைச் செயலரே எடுத்தார்.
சாக்கு முன்னால் வந்ததும்
பந்தலில் எல்லோருக்கும்
செருப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.
ஒரு தரம்.
பின்வரிசையில் யாரோ எழுந்தார்,
பாறசாலை ஓட்டல்காரர் வல்சலம்,
மச்சினி வீட்டு விருந்துக்கு வந்தவர்.
"அறுநூற்றம்பது."
நான் எழுதினேன், சபை முத்திரை குத்தினேன்.

சாயங்காலம் செக்போஸ்டில்
அவர் ஸ்கூட்டரை மறித்தார்களாம்.
ரசீதைக் காட்டினாராம்.
போலீஸ்காரர் இரண்டு தடவை வாசித்து
"கர்த்தருக்குக் காணிக்கை" என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்து
போகச் சொன்னாராம்.

சீட்டுக்கடியில் ஒளியாமல்
அந்த அரிசி எல்லை தாண்டியது அன்றைக்குத்தான்.
இதைக் கிருபை என்பதா,
கடத்தலில் என் பங்கு என்பதா,
போதகரிடம் கேட்க நினைத்து
மூன்று ஞாயிறு போய்விட்டது.

நேற்று ஸ்டேஷன் ரோட்டில் சுகிர்தபாய்,
தலையில் துணிமூட்டை, அதற்குள் என்னவோ.
"பொருளாளர் அண்ணே,
அந்தப் புத்தகத்தில இன்னும் எத்தனை தாள் கிடக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன்.